கிண்ணம் காலியாகும்வரை

எலாடியோ பீடத்தின் முன்னால் நின்றபடி ஓஸ்திகளை, பூசையில் தரும் அந்த மெல்லிய வட்ட அப்பங்களை, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

படப்பிடிப்புக் குழு மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. கேமரா தயார். வாசலில் நாய்களும் தயார்.

கிண்ணத்தை அங்கே வைத்தவள் இதோயா. படத்துக்கு வேண்டிய சாமான்களைத் தேடிக் கொண்டுவருவது அவள் வேலை. சமோராவில் ஒரு கன்னியர் மடத்துக்குப் போய், எதற்கு என்று சொல்லாமல், பூசைக்கு வைக்கிற அதே கோதுமை ஓஸ்திகளை வாங்கி வந்திருந்தாள். குவியலாகத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் ரோக்கே சொன்னதால் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டாள். வேறு கையிருப்பு இல்லை.

காட்சி இதுதான். பூசை நடுவே ஓர் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, சலித்துப்போகிறது. ஓஸ்திகளை வீசிப்போட்டுத் தெருநாய்களுக்கு உட்காரச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஆயராக நடித்தவருக்குக் கை வரவில்லை. ஓஸ்தியை உயர்த்தினால் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதுபோல் இருந்தது. அதனால் செய்துகாட்ட எலாடியோவைக் கூப்பிட்டார்கள்.

எலாடியோ ஒரு காலத்தில் பூசை வைத்த சாமியார். அங்கியைக் கழற்றிவிட்டு ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டவர். இப்போது அவருக்குக் கோயிலும் கிடையாது, கடவுளும் கிடையாது. மதியச் சாப்பாட்டில் அவர் கார்டினால்களைப் பற்றிச் சொல்லும் ஜோக்குகளுக்கு லைட் போடுகிறவர்கள் புரையேறச் சிரிப்பார்கள்.

பீடத்தில் ஏறினார். ஒரு ஓஸ்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அப்பத்தின் மேல் குருவானவர் மட்டுமே சொல்லும் அந்த வாக்கியத்தை, நடிகருக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

பாதியில் அவர் குரல் மாறியது.

இதோயா அதைக் கவனித்தாள். சாப்பாட்டு மேஜையில் கேட்கிற குரல் அல்ல அது. தூங்கிக்கொண்டிருந்த யாரோ எழுந்து வந்து பேசுவதுபோல் இருந்தது.

ஓஸ்தியை உயர்த்தினார். இறக்கினார். நடிகர் தலையாட்டினார். கிண்ணத்தை நாய்க்காரரிடம் கொண்டுபோக இதோயா கை நீட்டினாள்.

"தொடாதம்மா."

அதன்பிறகுதான் தின்ன ஆரம்பித்தார்.

முதலில் தன் மேல்தான் ஏதோ தப்பு என்று அவளுக்குப் பட்டது. அடுத்து, சர்க்கரை குறைந்து மயக்கமோ என்று நினைத்தாள். ஆனால் அவர் அவசரமாகத் தின்னவில்லை. ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து, அது ஊறும்வரை காத்திருந்து, விழுங்கினார்.

ரோக்கே சிரித்துக்கொண்டேதான் வந்தார். "பசின்னா வெளிய சோரிசோ சாசேஜ் வச்ச ரொட்டி இருக்கேடா!"

எலாடியோ இன்னொன்றை நாக்கில் வைத்தார். ஜன்னல் வெயில் பீடத்திலிருந்து இறங்கி முதல் படியைத் தொட்டது. அந்த வெயிலுக்காகத்தான் இந்தப் பாழடைந்த கோயிலையே பிடித்திருந்தார்கள். ரோக்கேயின் சிரிப்பு நின்றது.

ஆயராக நடித்தவர் தலையிலிருந்த மகுடத்தை மெல்லக் கழற்றினார். முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். இதோயாவின் காதருகே வந்தார்.

"சாமியார் வேலையை விட்டுட்டு எங்க வேணா போகலாம்மா. ஆனா அந்தக் கையோட சக்தி அவங்கள விட்டுப் போகாதாம். அவர் சொல்லிட்டாருன்னா, கிண்ணத்துல இருக்கிற எதுவும் இனிமே வெறும் அப்பம் இல்ல, கடவுளோட உடம்பு."

"அவருக்குத்தான் நம்பிக்கையே கிடையாதே?"

"அதான் எனக்கும் விளங்கல."

பில்பாவோவில், ஞானஸ்நானம்கூடக் கொடுக்காமல் வளர்க்கப்பட்டவள் இதோயா. அவளுக்கு ஓஸ்தி என்றால் மாவும் தண்ணீரும்தான். ஆனாலும் அந்த மனிதரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வறண்ட அப்பம் அவர் தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதோடும் அடுத்ததை எடுத்தார்.

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

"நாய்க்குப் போட்டா என்ன சார் ஆகும்?" மெதுவாகத்தான் கேட்டாள். கேலியாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் ஆகாது."

அடுத்த ஓஸ்தியை எடுத்தார்.

வெயில் படிகளை விட்டும் போய்விட்டது. வெளியே ஒரு நாய் கொட்டாவி விட்டது உள்ளே கேட்டது. ஒளிப்பதிவாளர் லென்ஸை மூடினார்.

ரோக்கே பீடத்தின் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ தரையைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"இந்தக் காட்சி வேணாம், ஊரே கல்லெடுக்கும்னு உன் கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். நாய் இல்லேன்னா படமே இல்லேன்னு நின்னது நீதானேடா? கதையிலிருந்து வசனம்வரைக்கும் உன் கையால எழுதினதுதானேடா இது?"

இதோயா சட்டென்று திரும்பி எலாடியோவைப் பார்த்தாள். கதை எழுதியவர் மாட்ரிட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரல் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த துகள்களைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். பீடத்து விரிப்பைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல காட்சிடா அது, விட்டுடாத," என்றார். "நாளைக்கு வேற ஓஸ்தி வாங்கிட்டு வந்து எடு. நான் அந்தப் பக்கமே வரல."