பத்தாம் காண்டத்துச் சாவு

ரோமாபுரியில் எங்கள் தெருக் கவிஞர் வாரெனுஸ் ஆறு வருஷமாகப் போர்க்காவியம் எழுதுகிறார். இரண்டு மாசத்துக்கு முன், அதில் வரும் இளம் வீரனுக்கு, எல்லைப் படைக்குப் போன தன் மகன் அவுலுஸின் பெயரை வைக்கச் சொன்னாள் எதிர்வீட்டுக் கல்வீனா. கவிஞருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேற்று பத்தாம் காண்டத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். பாதியிலேயே அவள் எழுந்துவிட்டாள்.

“என்னய்யா இது! எம்புள்ளைய ஈட்டியால குத்திக் கொன்னுட்டீரே!”

“காவியத்துல இளம் வீரன்னா செத்துத்தாம்மா ஆகணும். அப்பத்தான் கேக்குறவன் அழுவான், பேரும் நிலைக்கும்.”

“பேரு நிலைக்க வேணாம். சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வரட்டும். கல்யாணம் பண்ணித் தொப்பை போடட்டும்.”

“தொப்பை போட்டவனை எவன் பாடுவான்?”

அபசகுனத்துக்குப் பயப்படுகிறாள் என்று சன்னலோரம் நின்ற நாங்களும் சிரித்துவிட்டோம்.

“பாட்டுல செத்தா நெசத்துல செத்துருவானா? பையன் ஊருக்கு வந்ததும் நானே படிச்சுக் காட்டுறேன். விழுந்து விழுந்து சிரிப்பான் பாருங்க.”

“அவன் வரமாட்டான்யா. ரைன் நதிக்கரையில ஈட்டி குத்திப் போயிட்டான். சேதி வந்து மூணு மாசமாச்சு, யார்கிட்டயும் சொல்லல. உம்ம பாட்டுலயாவது வீடு வந்து சேருவான்னுதான் அவன் பேரை வைக்கச் சொன்னேன்.”