ஒட்டிய உறை

வெராகுருஸ் நகர ரத்தப் பரிசோதனைக்கூட வாசல் பெஞ்சில் காலை வெயில் சுடுகிறது. டாக்டருக்கென்று ஒட்டிக் கொடுத்த உறை ஃபெர்மினாவின் மடியில் இருக்கிறது. உடம்புக் கொழுப்பிலிருந்து ரத்தத்தில் கசிவதை அளந்து, கணவனின் இதயத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் தாள் உள்ளே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் அபுந்தியோ தன் தொப்பையைத் தட்டுகிறான். “இது பூரா நீ சோளமாவுல பன்னிக்கொழுப்பு போட்டு அவிச்ச தமாலே. இதக் கண்டுபிடிக்க ரத்தத்த வேற உறிஞ்சணுமா?” “சிரிக்காதீங்க. உங்க தம்பியும் இப்படித்தான் உறையப் பிரிக்காம சட்டைப்பையிலயே வச்சிருந்தாரு. அவரச் சவப்பொட்டியில வைக்கறப்பதான் எடுத்தோம்.” அவன் சிரிப்பு நின்றுபோகிறது. அளவு மீறிய எண்ணுக்குப் பக்கத்தில் இங்கே நட்சத்திரக் குறி போடுவார்கள். அவள் உறையை வெயிலுக்கு நேராகத் தூக்குகிறாள். மூன்று நட்சத்திரங்கள் தெரிகின்றன. “என்னடி தெரியுது?” “ஒண்ணும் தெரியல. கெட்டித் தாளு,” என்கிறாள். ஆனால் அவள் கை தானாக அவன் சட்டைக்குள் நுழைந்து இடது மார்பில் பதிகிறது. ஒரு துடிப்பு முடிந்ததும் அடுத்ததற்காகக் காத்திருக்கிறது.