கம்பமா, ஆளா?

முதலில் ஜன்னல்களை அடைத்தார்கள். கணினித் திரையில் வெளிச்சம் விழுகிறதாம். அடுத்து, தேநீர் இடைவேளையைப் பாதியாக்கினார்கள். அதற்கடுத்து, மேற்பார்வையாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் வேலையை ஒரு மென்பொருளிடம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் துண்டறிக்கை போட்டேன். ஒன்றையும் நிர்வாகம் படிக்கவில்லை.

நான்காவதாக, என்னையே தூக்கப் பார்த்தார்கள்.

எங்கள் வேலை படம் பார்ப்பது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிக்குச் சாலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மங்கலான படம் ஒன்று வரும். அதில் நிற்பது ஆளா, கம்பமா என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே படத்தை மூன்று பேர் பார்ப்போம். இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னால் அதுதான் சரி. மூன்றாமவர் தப்பு. அந்த மென்பொருளுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் சங்கச் செயலாளரான நான். பக்கத்தில் அக்கா. எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், இந்தச் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடுகிறது. அவருக்கு அந்தப் பக்கம் ஜால்ரா; நாங்கள் வைத்த பெயர். மேனேஜர் தும்மினால்கூட "கரெக்ட் சார்" என்பவர். சங்கத்தில் சேராத ஒரே ஆள்.

அன்று மேனேஜர் எல்லாரையும் கூட்டினார்.

"நாம கத்துக்குடுத்த வண்டி கம்பத்தைக் கண்டா பிரேக் போடுது. ஒவ்வொரு கம்பத்துக்கும் நின்னு மரியாதை பண்ணிட்டுப் போகுது. யாரோ தப்புத் தப்பா அழுத்தியிருக்கீங்க. யாருன்னு மென்பொருள் சொல்லிடுச்சு." என்னைப் பார்த்தார். "மத்த ரெண்டு பேரோட ஒத்துப்போகாத ஆள் நீங்கதான். இன்னையோட நீங்க கிளம்பலாம்."

"நான் எந்தக் காலத்துல சார் யாரோட ஒத்துப்போனேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒருவேளை என் கண்தான் தப்போ?

"அந்தப் படங்களைச் சுவர்ல பெரிசாப் போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்," என்றேன்.

போட்டார்கள். நான் கம்பம் என்றும், மற்ற இருவரும் ஆள் என்றும் அழுத்திய படம்.

"கம்பம்!" என்றது அறை முழுவதும்.

அடுத்த படம்.

"கம்பம்! உச்சியில பல்பு தெரியுதே சார்!"

"தலையில பல்பு எரியற ஆளு இந்த ஆபீஸ்ல யாரு இருக்கா?" என்றது பின்வரிசை.

மேனேஜர் முகம் தொங்கிப்போனது. "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து தப்பாச் சொல்லியிருக்காங்களா?"

"சேர்ந்துதான் சார்! கேள்வி கேக்கறவனை வெளியேத்த ஒரு சதி!" மேசையைத் தட்டினேன்.

அக்கா ஒன்றும் புரியாமல் எழுந்தார். "எனக்கு ஆளு மாதிரித்தான்ப்பா தெரிஞ்சுது..."

"நான் சொன்னதால அப்படித் தெரிஞ்சுது," என்று ஜால்ரா குறுக்கே விழுந்தார். "அக்கா மேல தப்பில்லை சார். ஆளுன்னு நான்தான் சொன்னேன், நம்பி அழுத்தினாங்க. இவரை மாட்டிவிடத்தான் செஞ்சேன்."

"நீ எப்பப்பா சொன்னே?"

"மறந்துட்டீங்க அக்கா. உக்காருங்க."

அறையில் ஒரே கைதட்டல். என்னைத் தோளில் தூக்காத குறை. என் வாழ்நாளில் இவ்வளவு சுளுவாக ஒரு போராட்டம் ஜெயித்ததில்லை.

ஜால்ராவின் நீக்க உத்தரவு அச்சாகி வந்தது. யாரையும் ரகசியமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சாட்சிகள் கையெழுத்திட்ட பிறகு செயலாளர் அந்தப் பெயரை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமை அது.

முதல் சாட்சி அக்கா. பேனாவை வாங்கினார், குனிந்தார், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

மேசை மேல். தாளுக்கு ஒரு விரல் தள்ளி.

மேனேஜர் போனில் வண்டிக் கம்பெனிக்காரர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. ஜால்ரா சட்டென்று தாளை நகர்த்தி, பேனா முனையைச் சரியான இடத்தில் வைத்தார். "இன்னொரு தடவை போடுங்க அக்கா. மை வரலை."

நான் ஜால்ராவை ஓரமாக இழுத்தேன். "என்னய்யா இது?"

"அக்கா கண்ணுல புரை. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினார். "அவங்க தனியா நின்னாத்தானே தப்பு? நானும் அதையே அழுத்தினா சரின்னு ஆயிடும்ல. அது உங்க தலையில விடியும்னு எனக்குத் தோணலை தலைவரே. மன்னிச்சுக்குங்க."

"அடப்பாவி, வண்டி யார் மேலயாவது ஏறியிருந்தா?"

"கம்பத்தை ஆளுன்னா வண்டி நிக்கும், அவ்வளவுதானே. ஆளைக் கம்பம்னு அவங்க அழுத்தினப்போ ஒரு தடவைகூட நான் சேரலை. அப்பெல்லாம் உங்களோடதான் இருந்தேன்."

சரியாகப் பார்த்தவன் நான்தான். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை நான் பார்க்கவே இல்லை.

"நான் உண்மையைச் சொல்லிடறேன்," என்றேன்.

"சொன்னா அக்கா வெளிய. ஆபரேஷனும் இல்லை, சம்பளமும் இல்லை. எனக்கு வயசிருக்கு, வேற இடம் பார்த்துக்குவேன். வாசிங்க."

"என்ன செயலாளரே, நேரமாகுது," என்றார் மேனேஜர், போனை வைத்துவிட்டு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் என் குரல் வந்த திசையைப் பார்த்தார்.

தாளை எடுத்தேன். இத்தனை வருஷமாக ஒரே மேசை. ஜால்ராவின் சொந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். வெறும் பெயர் மட்டும்தான், முன்னால் ஒன்றும் இல்லை.

"தோழர்" என்று முன்னால் சேர்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, அதை வாசித்தேன்.