இரண்டு வாய்க்கால்

“கூப்பிடுங்க அந்தப் பவிதரன! இப்பவே இஞ்ச வரச் சொல்லுங்க!”

றாஸிக் ஹாஜியார் போட்ட சத்தத்தில் பள்ளிவாசல் காரியாலயமே அதிர்ந்தது. பள்ளி நிருவாக சபையின் தலைவர் அவர். ஆனால் அன்றைக்குச் சத்தம் போட்டது தலைவர் அல்ல, ஒரு தகப்பன்.

பின்னே என்ன? முதல் நாள் அவருடைய ஒரே மகள் றுஸ்னாவுக்கு இதே பள்ளியில் நிக்காஹ். கட்டாரில் வேலை செய்யும் மகன் அஸ்கிக்கு லீவு கிடைக்கவில்லை. “தங்கச்சிட நிக்காஹ லைவிலயாவது காட்டுங்க வாப்பா” என்று அழாக்குறையாகக் கேட்டிருந்தான். அதற்காகவே பத்து நாளுக்கு முன்னர் பள்ளிக் கொம்பியூட்டருக்குப் புதிதாக இரண்டு ரேம் போடச் செய்தார் ஹாஜியார்.

நடந்தது என்ன? மகளை மாப்பிள்ளைக்கு ஒப்புக்கொடுக்க அவர் வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. கட்டாரில் இருந்த பிள்ளை, வாப்பாவின் திறந்த வாயையே கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி படம் அசைந்தபோது நிக்காஹ் முடிந்து சனம் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தது.

போனில் அஸ்கி அழுத அழுகை இன்னும் ஹாஜியாரின் காதுக்குள் கேட்டது.

பவிதரன் வந்தான். கல்முனை பஸாரில் சின்னதாக ஒரு கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். மத்ரஸாவுக்கு வாங்கப்போகும் பத்துக் கொம்பியூட்டர்களின் வேலையும் அவனுக்குத்தான் என்று பேச்சு.

“என்ன தம்பி சொன்ன நீ? வயலுக்கு ரெண்டு வாய்க்காலால தண்ணி பாயுற மாதிரி வேலை செய்யும் எண்டு சொன்னயா இல்லயா?”

“ஓம் ஹாஜியார். ஒரே மாதிரி ரேம் ரெண்டையும் உரிய இடத்துல போட்டா அப்படித்தான். பூட்டின அண்டைக்கு லைவ் விட்டுக் காட்டினனே. படம் நிக்கல்லயே.”

“நேத்து நிண்டிட்டே!”

சூடு ஏறாமலிருக்கப் பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருந்த கொம்பியூட்டர்ப் பெட்டி அது. பவிதரன் குனிந்து உள்ளே பார்த்தான். ரேம் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

“என்ன?”

“நாலு ஸ்லொட் இருக்கு ஹாஜியார். நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு எண்டு மாறி மாறி. ரெண்டு ரேமும் நீலத்துல இருக்க வேணும். இதுல ஒண்டு நீலத்துலயும் மத்தது பக்கத்துக் கறுப்புலயும் கிடக்கு. அதால ஒரு வாய்க்கால்தான் ஓடுது.”

“ஆரு அப்படிப் போட்ட? சொல்லு! ஆரெண்டாலும் சரி, இதுக்குள்ள கை வெச்சவன் நாளைக்கு இந்தப் பள்ளி வாசல்படி மிதிக்க ஏலா!”

பவிதரன் நிமிர்ந்தான். கதவடியில் தூசி துடைக்கும் சீலையோடு, பெட்டியையே பார்த்தபடி மோதினார் அப்துல் கபூர் நின்றார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லி, பள்ளியைக் கூட்டித் துடைத்து, அந்தச் சம்பளத்தில் மாவடிப்பள்ளியில் நாலு பிள்ளைகளை வளர்ப்பவர்.

“நான்தான் ஹாஜியார்,” என்றான் பவிதரன். “அவசரத்துல மாறிப் போட்டுட்டன். என்ட பிழைதான்.”

அவன் முதலில் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கோபத்தில் நின்ற ஹாஜியாருக்கு அது தட்டுப்படவே இல்லை.

“பிழையாம் பிழை! என்ட பிள்ளைக்கு அந்த நேரத்தத் திருப்பித் தருவயா நீ? வேலை தெரியாட்டி கடையப் பூட்டிட்டு, உன்ட அப்பன் மாதிரிக் கடலுக்குப் போ! மத்ரஸா வேலையும் உனக்கில்ல!”

பவிதரன் மறுபடி குனிந்தான். ரேமைக் கழற்றி உரிய இடத்தில் வைத்து அழுத்தினான். கபூரைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஹாஜியாருக்கு ஆறவில்லை. போனை எடுத்து, மருதமுனை தொடக்கம் அட்டாளைச்சேனை வரைக்கும் பள்ளித் தலைவர்மார் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். ‘பஸாரில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் பவிதரனை ஒருவரும் பள்ளி வேலைக்குக் கூப்பிட வேண்டாம். வேலை தெரியாதவன், நம்ப முடியாதவன்’ என்று எழுதினார். அனுப்பப் போனார்.

கபூர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். இருபது வருசத்தில் ஹாஜியாரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத மனிதர்.

“அனுப்பாதீங்க ஹாஜியார். மாத்தி வெச்சது நான்.”

“மோதினாரா? உங்களுக்கு அதுக்குள்ள என்ன வேலை?”

கபூர் அவர் கையை விட்டுப் பெட்டியைக் காட்டினார்.

“தூசி தட்டக்குள்ள பாத்தன். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கிடந்திச்சு. தொழுகைக்கு நிக்கக்குள்ள ஒவ்வொரு வக்தும் நீங்கதானே, ‘தோளோட தோள் சேந்து நில்லுங்க, இடைவெளி விட்டா சைத்தான் பூந்திருவான்’ எண்டு ஏசுற. பள்ளிப் பெட்டியில இப்படிக் கிடக்கே எண்டு மனசு கேக்கல்ல. தம்பி பூட்டினதப் பாத்திருந்தன், அப்படியே கழட்டி நெருக்கி வெச்சிட்டன்.”

ஹாஜியாருக்கு முகம் செத்துப்போனது. போனை மேசையில் வைத்தார்.

“அப்ப அந்தத் தம்பி ஏன் தன்ட பிழையெண்டு சொன்ன?”

“நான் உண்மையச் சொல்லத்தான் வாயெடுத்தன் ஹாஜியார். ‘எனக்குக் கடையாவது இருக்கு நாநா, உங்களுக்கு இந்தப் பள்ளிய விட்டா என்ன இருக்கு, பேசாம நில்லுங்க’ எண்டு காதுக்குள்ள சொல்லிட்டுப் போறார்.”