வருத்தப்படத் தெரியாதவன்

"இப்படிச் சொன்னா நானே உன்னை வெளியே விடமாட்டேன். பல்லு வெளக்கினேன், குளிச்சேன்ங்கிற மாதிரியில்ல சொல்றே!"

தலையில் அடித்துக்கொண்டான் 'நாடகம்'. திருட்டு வழக்கில் உள்ளே வந்தவன். ஒரு காலத்தில் மேடையேறி நடித்தவன் என்பதால் சிறையில் அவனுக்கு அந்தப் பெயர்.

எதிரே திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்திருந்தான் லாரி டிரைவர். முதலாளியோடு அவன் வாய்த்தகராறு செய்த மறுநாள், முதலாளியின் பஞ்சுக் கிடங்கு பற்றி எரிந்தது. உள்ளே தூங்கிய காவலாளி வெளியே வர முடியாமல் செத்துப்போனார். பழி டிரைவர் தலையில் விழுந்தது. ஆயுள் தண்டனை.

கருணை மனுக் குழு ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. "செஞ்சதுக்கு வருத்தப்படுறீங்களா?"

இவனும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னான். "நான் செய்யவே இல்லீங்க."

'இன்னும் திருந்தவில்லை' என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். செய்தவன் அழுதால் கருணை உண்டு. செய்யாதவன் எதைச் சொல்லி அழுவான்? அதைப் பற்றி அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் பார்க்க வந்த மகள், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "பொய்யாவாவது சொல்லிட்டு வந்துடுங்கப்பா" என்று கேட்டுவிட்டாள். அதற்கு மேல் வீம்பு பிடிக்க அவனுக்குத் தெம்பில்லை.

"எனக்கு வரமாட்டேங்குதுடா. செய்யாததுக்கு எப்படி அழறது?"

"தள்ளு, நான் காட்டுறேன்."

நாடகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"உள்ளே ஆள் இருக்கிறது சத்தியமா தெரியாதுங்க. தீயை வச்சிட்டு, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு பின்கதவை வெளியே பூட்டிட்டேன். தெருமுனைக்குப் போனப்புறம்தான் கதவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. திரும்பி ஓடியிருக்கணும். கால் வரலீங்க. இப்பவும் எந்தக் கதவை யார் தட்டினாலும் எனக்கு..."

தோள் குலுங்கியது. மூக்கு ஒழுகியது.

டிரைவருக்குப் புல்லரித்தது. "யப்பா! உனக்கெல்லாம் விருதே குடுக்கலாம்டா."

"அதை விடு. நீ சொல்லு, பாப்போம்." சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான் நாடகம்.

விசாரணை நாள்வரை ஒத்திகை தொடர்ந்தது. சாப்பிடும்போதுகூட நாடகம் விடவில்லை. குழு என்னென்ன குடையும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றினான்.

குழுவின் முன்னால் டிரைவர் தடுமாறாமல் சொன்னான். பாதியில் மகளின் நினைப்பு வர, கண்ணீர் தானாகவே வந்தது.

"பூட்டின சாவியை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவி.

நல்லவேளை, நாடகம் அதையும் சொல்லிக்கொடுத்திருந்தான். "பக்கத்து ஐஸ் கம்பெனியில ஒரு பாழுங்கிணறு இருக்கும்மா. அதுல போட்டுட்டேன்."

தலைவி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "சரி, போங்க. அப்புறம் கூப்பிடுறோம்."

அடுத்த வாரமே கூப்பிட்டார்கள்.

"உங்களை விடுதலை பண்ணலாம்னு கவர்னருக்கு எழுதப்போறோம். நாங்க சொன்னா அவர் கையெழுத்துப் போட்டுடுவார்" என்றார் தலைவி. "இத்தனை தடவை பொய் சொன்னீங்க. இந்தத் தடவைதான் உண்மை பேசியிருக்கீங்க."

டிரைவருக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எப்படிம்மா நம்புனீங்க?"

"கிணத்துல ஆளை இறக்கித் தேடச் சொன்னோம். சாவி கிடைச்சிடுச்சு. கோர்ட்டுல சாட்சியமா வச்சிருக்கிற கிடங்குப் பூட்டுக்குப் போட்டா திறக்குது. போலீசுக்கே கிடைக்காத சாவி! தீ வச்சவனைத் தவிர வேற யாருக்கு அது தெரியும்?"

நாடகம் ஒரு நாள்கூட நடிக்கவில்லை என்பது டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் தலைவி, பேனாவைத் திறந்தபடி.

வாயெடுத்தவன் மகளை நினைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லம்மா. நான்தான் வச்சேன்."