பெல்ட் இல்லாத ஆபீசர்

மருந்துக்கடைக்காரர் மூன்று நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

சாயங்காலம் ஐந்தரை ஆனால் பேங்க் ஆபீசர் வந்துவிடுவார். எதிரே இருக்கும் தையல்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவார். இப்படியும் அப்படியும் பார்ப்பார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைப்பார். நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்.

வெளியே வர அரை மணி நேரம் ஆகும்.

"டெய்லரம்மா தனியா இருக்கிற பொம்பளை. இது எனக்குச் சரியாப் படலை," என்றார் மனைவியிடம்.

"அப்ப போய்க் கேளுங்க. இங்கயே எட்டிப் பார்த்துக்கிட்டு யாருக்காவது மாத்திரையை மாத்திக் கொடுத்துடாதீங்க."

நாலாம் நாள் கிளம்பிவிட்டார்.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

டெய்லரம்மா உதட்டில் விரலை வைத்தாள். ஆபீசர் தரையில், சுவரைப் பார்த்து, சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் நீட்டிய உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்.

வெட்டும் மேஜைக்கு அடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே, இரண்டு கண்கள். மெல்லிய உறுமல்.

"கடிக்கும் போலிருக்கே," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கோபம் இல்லண்ணே, பயம். கிட்ட வராதீங்கன்னு கெஞ்சுது," என்று கிசுகிசுத்தாள். "பின்னாடி வீட்டைக் காலி பண்ணவங்க விட்டுட்டுப் போன நாய். போன வாரம் சார் இடுப்பளவு கொடுக்க பெல்ட்டைக் கழட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் இருந்த இடத்துலயே மூத்திரம் போயிடுச்சு. ஒரு மணி நேரம் நடுக்கம் நிக்கலை. அங்க எதால அடிச்சிருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நான் கடையைப் பூட்டிட்டுப் போனப்புறம்தான் தட்டையே தொடுது."

ஆபீசர் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார். "பயமுறுத்தினது நான். நான்தானே சரி பண்ணணும். முகத்தைப் பார்த்தா ஒடுங்கிடுது, அதான் இப்படி."

வயிறு தரையில் உரச, நாய் ஓரடி வந்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. கழுத்தை முடிந்த மட்டும் நீட்டி, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஓடியது.

"இன்னைக்குத்தான் ஒரு மனுஷன் கையிலிருந்து சாப்பிடுது," என்றாள் டெய்லரம்மா.

கேட்க வந்ததெல்லாம் மருந்துக்கடைக்காரருக்கு மறந்துபோயிற்று. தானும் ஆபீசர் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க," என்று தடுத்தாள் டெய்லரம்மா. "உங்க பெல்ட்டையும் வெளிய கழட்டி வெச்சிட்டு வாங்க."