பொறுப்பேற்பவர் கையெழுத்து

“அந்த மாமாவ ஏம்ப்பா அடிக்கிறாங்க?” என்று மகள் கேட்டாள். குடியேற்ற அலுவலக வரிசையில், காய்ச்சலில் துவண்டிருந்த அவளுக்காகத் தன் டோக்கனைத் தந்து எங்களுடையதை வாங்கிக்கொண்டவர் அவர்; எங்களோடு தங்கியிருந்த தையல்காரர். டோக்கன் மாற்றுவது குற்றமாம். காவலர்கள் தடியால் அடித்தே அவர் மண்டையைப் பிளந்தார்கள். மறுநாள் அவரைப் புதைத்தோம்.

ஒரு வாரம் கழித்துக் கைரேகை வைக்கப் போனேன்.

“உங்க தையல்காரர் இப்பத்தான் வச்சிட்டுப் போனாரு. கையக் கழுவிட்டு வரச் சொல்லக்கூடாதா? பத்து விரலும் ரத்தம்” என்று சலித்துக்கொண்ட குமாஸ்தா, ரேகை பதியும் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடிப் போனார்.

மேசையில் தையல்காரரின் மனு இருந்தது. மனைவியையும் குழந்தையையும் இங்கே அழைத்துக்கொள்வதற்கான மனு. பொறுப்பேற்பவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. இறைவனை வேண்டிக்கொண்டு அங்கே என் பெயரை எழுதினேன்.